எண்ணில் வராத வீடுகள்: கல்முனைக் கரையும் அனர்த்த இழப்பைக் கணக்கிடும் மென்பொருள்களும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, சுமாத்திராவின் மேற்குக் கரையோரம் கடலுக்கடியில் 9.1 அளவைத் தொட்ட நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் மையத்திலிருந்து கல்முனை ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அந்த அதிர்வால் இடிந்த வீடு என்று அம்பாறைக் கரையில் எதையும் காட்ட முடியாது. ஆனால் சுமார் இரண்டு மணி நேரத்தில் கடல் வந்தது. பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை கரையோரம் முழுவதும் அதன் வழியில் நின்றவை வீழ்ந்தன. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டோர் இங்கு மாண்டனர்.

இன்று உலகில் எங்கே பெரிய நிலநடுக்கம் வந்தாலும், சில நிமிடங்களில் கணினித் திரைகளில் எண்கள் தோன்றத் தொடங்குகின்றன. எத்தனை பேர் இறந்திருக்கலாம், எத்தனை வீடுகள் இடிந்திருக்கலாம், எத்தனை மில்லியன் டொலர் சேதம் என்றெல்லாம் மென்பொருள்கள் மதிப்பிடுகின்றன. நிவாரணம் எங்கே போகவேண்டும், கடன் எவ்வளவு கிடைக்கும், எந்தக் கரையில் வீடு கட்டலாம், காப்புறுதிக் கட்டணம் எவ்வளவு ஆகிய முடிவுகளில் இந்த எண்களுக்குப் பங்கு உண்டு.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன? கல்முனைக்குடியின் ஒரு குறுக்கு வீதியில் நெருங்கி நிற்கும் வீடுகளும், மருதமுனையின் தறிகளும், காரைதீவின் தோணிகளும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றனவா? இந்தக் கட்டுரை அவற்றை விளக்க முயல்கிறது.

எண் ஒன்று வாழ்க்கையைத் தீர்மானித்த காலம்

சேத மதிப்பீடு என்பது அதிகாரிகளின் அலுவலகத்தோடு முடிந்துவிடும் விடயம் அல்ல என்பதை எமது மக்கள் அனுபவத்தால் அறிவார்கள். 2005 ஜனவரியில் உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஜப்பானிய நிறுவனங்களும் சேர்ந்து இலங்கையின் சுனாமிச் சேதத்தைக் கணக்கிட்டன. சொத்துச் சேதம் சுமார் 1 பில்லியன் டொலர், உற்பத்தி இழப்பு சுமார் 330 மில்லியன் டொலர், மீளக் கட்டியெழுப்ப 1.5 பில்லியன் டொலருக்கு மேல் தேவை என்று அந்த மதிப்பீடு கூறியது. நாடு கேட்ட உதவிக்கு அடிப்படையாக நின்றது இந்த எண்தான்.

அடுத்து வந்த எண் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நின்றது. வீட்டின் சேதம் 40 வீதத்துக்கு மேல் என்றால் அது முழுச் சேதம், 2,50,000 ரூபா. 40 வீதத்துக்குக் குறைவென்றால் பகுதிச் சேதம், 1,00,000 ரூபா. 39 வீதத்துக்கும் 41 வீதத்துக்கும் இடையே ஒரு சுவரின் வெடிப்பு அளவு வேறுபாடுதான் இருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது ஒன்றரை இலட்சம் ரூபா.

மூன்றாவது எண் 200 மீற்றர். தெற்கிலும் மேற்கிலும் கடற்கரையிலிருந்து 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் வீடு கட்டக்கூடாத வலயம் என்று அறிவிக்கப்பட்டது. கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு போன்ற ஊர்கள் கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் அமைந்தவை. இங்கே 200 மீற்றர் என்பது வெறுங்கரை அல்ல. குடும்பங்கள் நெருங்கி வாழும் வட்டாரங்கள். பின்னால் தள்ளிப் போகவும் நிலம் இல்லை. 2005 இறுதியில் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் மாதங்களைக் கழித்திருந்தன. அக்கரைப்பற்றுப் பகுதியில், நுரைச்சோலையில், சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கிலும் அரசியலிலும் சிக்கிப் பல ஆண்டுகள் ஆட்கள் குடிபுகாமலே கிடந்ததை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை.

ஆகவே ஓர் எண் எப்படி உருவாகிறது என்று அறிந்துவைப்பது, அந்த எண்ணைக் கேள்வி கேட்கும் உரிமையின் முதற்படி.

நான்கு படிகள்

இழப்பை மதிப்பிடும் மென்பொருள் எதுவாக இருந்தாலும் அதன் உள்ளே நான்கு படிகள் இருக்கும்.

முதற்படி இடர். நிலம் எவ்வளவு குலுங்கும், அல்லது நீர் எந்த இடத்தில் எத்தனை மீற்றர் உயரும் என்ற கணக்கு. சுனாமியைப் பொறுத்தவரை, கடலடித் தளம் எங்கே எவ்வளவு உயர்ந்தது என்பதிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. பின்னர் கடலின் ஆழத்தைக் கொண்டு அலையின் வேகம் கணக்கிடப்படுகிறது. விதி எளியது: ஆழம் கூடினால் வேகம் கூடும். 4,000 மீற்றர் ஆழக் கடலில் அலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது அது மணிக்கு 36 கிலோமீற்றராகக் குறையும். வேகம் குறையக் குறைய உயரம் கூடும். சுமாத்திராவிலிருந்து எமது கரைக்கு இரண்டு மணி நேரம் எடுத்தது இந்தக் கணக்கின்படிதான்.

இரண்டாம் படி பட்டியல். அலையின் வழியில் இருப்பவை எவை? எத்தனை வீடுகள், அவை எதனால் கட்டப்பட்டவை, எத்தனை மாடி, திரும்பக் கட்ட என்ன செலவாகும், எந்த நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்பவை எல்லாம் இதில் அடங்கும். நான்கு படிகளில் உள்ளூர் மக்களின் கை நேரடியாகப் படக்கூடிய படி இதுதான்.

மூன்றாம் படி சேத வளைகோடு. ஒரே அளவு நீர் வந்தாலும் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி வீழ்வதில்லை. கொங்கிறீட் தூணும் வளையும் போட்ட வீடு நிற்கும் இடத்தில், வெறும் சீமெந்துக் கல் அடுக்கிய வீடு சரியும். ஒவ்வொரு வகைக் கட்டடத்துக்கும் நீரின் உயரம் கூடக்கூடச் சேதம் எப்படிக் கூடும் என்பதை ஒரு வளைகோடாக வரைந்து வைத்திருப்பார்கள். 2004இல் அழிந்த பண்டா ஆச்சே நகரின் செய்மதிப் படங்களை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள், நீர் 2 அல்லது 3 மீற்றரைத் தாண்டியதும் அங்குள்ள கட்டடங்களின் அழிவு சட்டென்று ஏறுவதைக் கண்டார்கள்.

நான்காம் படி பெருக்கல். நீரின் உயரம் வளைகோட்டில் சேத வீதத்தைக் காட்டும். சேத வீதத்தை வீட்டின் மீள்கட்டுமானச் செலவால் பெருக்கினால் அந்த வீட்டின் இழப்பு வரும். எல்லா வீடுகளையும் கூட்டினால் ஊரின் இழப்பு. ஒரே ஒரு நிலநடுக்கத்துக்குப் பதிலாக, வரக்கூடிய ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்களை இப்படி ஓட்டிப் பார்த்து, ஆண்டுக்குச் சராசரி இழப்பு இவ்வளவு என்றும் சொல்வார்கள்.

இங்கே ஒரு சொல்லைக் கவனமாக வாசிக்கவேண்டும். "500 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அலை" என்று அறிக்கைகள் எழுதும். இனி 500 ஆண்டுகளுக்கு வராது என்பது இதன் பொருள் அல்ல. எந்த ஆண்டிலும் அது வரக்கூடிய வாய்ப்பு 500இல் ஒன்று என்பதே பொருள். 50 ஆண்டுகள் நிற்கும் ஒரு வீடு தன் ஆயுளில் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. எந்த மென்பொருளும் அடுத்த நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

உலகில் பயன்படும் மென்பொருள்கள்

அமெரிக்க அரசின் அவசரகால முகாமை நிறுவனம் 1997இல் "ஹசஸ்" என்ற மென்பொருளை நிலநடுக்கத்துக்காக வெளியிட்டது. பின்னர் வெள்ளமும் சூறாவளியும் சேர்க்கப்பட்டன. சுனாமிக்கான பகுதி 2017இல் வந்தது. அது கட்டடச் சேதத்தைச் சிறிது, நடுத்தரம், பெரிது, முழுமை என்று வகுக்கிறது.

அமெரிக்கப் புவியியல் அளவையின் "பேஜர்" 2007 முதல் இயங்குகிறது. உலகில் எங்கே பெரிய நிலநடுக்கம் வந்தாலும், ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குள் அது ஒரு நிறத்தை அறிவிக்கும். 1,000 உயிர்களுக்கு மேல் போகக்கூடும் என்றால், அல்லது இழப்பு 1 பில்லியன் டொலரைத் தாண்டக்கூடும் என்றால் சிவப்பு. 100 முதல் 999 உயிர்கள் என்றால் செம்மஞ்சள். அதற்குக் கீழே மஞ்சளும் பச்சையும். ஆனால் பேஜர் குலுக்கத்தைக் கொண்டே கணக்கிடுகிறது; சுனாமியால் வரும் இழப்பு அந்த எண்ணில் சேராது. குலுக்கமே எட்டாத கல்முனைக்கு, பேஜரின் பச்சை நிறம் எந்த உத்தரவாதமும் தராது.

இத்தாலியின் பாவியா நகரில் இயங்கும் உலக நிலநடுக்க மாதிரி அமைப்பு "ஓப்பன்குவேக்" என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. அதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. இந்தோனேசிய அரசு, அவுஸ்திரேலியா மற்றும் உலக வங்கியின் துணையோடு 2012இல் வெளியிட்ட "இனாசேஃப்", மாவட்ட அதிகாரி ஒருவர் சாதாரணக் கணினியில் பயன்படுத்தும் நோக்கில் செய்யப்பட்டது. வெள்ளமோ சுனாமியோ வந்தால் எத்தனை பாடசாலைகள் நீரில் அகப்படும், எத்தனை பேருக்கு உணவும் குடிநீரும் வேண்டும் என்று அது சொல்லும். இவை தவிர, 1980களின் இறுதியிலிருந்து காப்புறுதி நிறுவனங்களுக்காகத் தனியார் செய்த மாதிரிகளும் உள்ளன. அவற்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியார் முழுமையாகப் பார்க்க முடியாது.

ஒரே அனர்த்தத்துக்கு இரண்டு வேறு எண்கள் வருவதும் உண்டு. 2023 பெப்ரவரி 6ஆம் திகதி துருக்கியை உலுக்கிய நிலநடுக்கத்தின் நேரடிக் கட்டடச் சேதம் முதலியவை 34.2 பில்லியன் டொலர் என்று உலக வங்கி மூன்று வாரத்தில் தொலைவிலிருந்தே மதிப்பிட்டது. அடுத்த மாதம் துருக்கி அரசின் அறிக்கை 103.6 பில்லியன் டொலர் என்றது. இதை வைத்து ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது. முதலாவது எண் இடிந்தவற்றின் பெறுமதியைப் பார்த்தது; இரண்டாவது, மீளக் கட்டும் செலவையும் ஏனைய பொருளாதாரச் சுமைகளையும் சேர்த்தது. ஓர் எண்ணைக் காணும்போது நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி: இதில் எது சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை?

ஒரு சிறு கணக்கு

எங்கே பிழைத்தால் எவ்வளவு பிழைக்கும் என்பதை விளங்கிக்கொள்ள, உதாரணத்துக்காக மட்டும் ஒரு கற்பனை வட்டாரத்தை எடுப்போம். அங்கே 300 வீடுகள். 200 வீடுகள் சீமெந்துக் கல்லால் கட்டிய ஒரு மாடி வீடுகள். ஒன்றைத் திரும்பக் கட்ட 30 இலட்சம் ரூபா. மற்ற 100 வீடுகள் தூண் போட்ட இரு மாடி வீடுகள். ஒன்றுக்கு 60 இலட்சம் ரூபா. நீர் 2.5 மீற்றர் உயர்கிறது. முதல் வகைக்குச் சேதம் 70 வீதம், இரண்டாம் வகைக்கு 20 வீதம் என்று வைத்துக்கொண்டால், இழப்பு 420 மில்லியனும் 120 மில்லியனுமாக மொத்தம் 540 மில்லியன் ரூபா.

இப்போது நிலத்தின் உயரத்தை மென்பொருள் 1 மீற்றர் கூடுதலாக எடுத்துக்கொண்டது என்போம். நீர் 1.5 மீற்றர்தான் நிற்கும் என்று அது நினைக்கும். சேதம் 35 வீதமும் 8 வீதமுமாகக் குறையும். மொத்த இழப்பு 258 மில்லியன். முன்னையதில் பாதிகூட இல்லை. முன்பு சொன்ன 40 வீதக் கோட்டை இதன்மேல் வைத்துப் பார்த்தால், 200 வீடுகளும் முழுச் சேதத்திலிருந்து பகுதிச் சேதத்துக்கு இறங்கிவிடும். வீட்டுக்கு ஒன்றரை இலட்சமாக 30 மில்லியன் ரூபா காணாமற்போகும். 2005இல் அந்த வீதத்தை அதிகாரிகள் வீடு வீடாகப் பார்த்தே தீர்மானித்தார்கள் என்பது உண்மை. ஆனால் மொத்த ஒதுக்கீடு முன்கூட்டிய மதிப்பீட்டின்படி வரும் இடத்தில், நிலமட்டத்தில் விட்ட ஒரு பிழை பணமாகவே வெளிப்படும்.

இன்னொரு பிழையையும் பார்ப்போம். நிலமட்டம் சரி; ஆனால் உறுதி இல்லாத காணிகளில் நிற்கும் 60 கல்வீடுகள் பட்டியலில் இல்லை. இழப்பு 540 மில்லியனிலிருந்து 414 மில்லியனாகிவிடும். மென்பொருள் பிழை செய்யவில்லை. கொடுத்த பட்டியலைச் சரியாகவே கூட்டியது.

அம்பாறை உலகுக்குச் சொல்லிக்கொடுத்தது

இலங்கையின் துயரம் இந்த மாதிரிகளுக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. சுனாமிக்குப் பின் தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் வீடுகளைத் தனியாகக் கணக்கெடுத்தது. முற்றாக இடிந்தவை, பகுதி இடிந்து குடியிருக்க முடியாதவை, பகுதி இடிந்தும் குடியிருக்கக்கூடியவை என்று அது பிரித்தது. அந்தத் தரவைக் கொண்டு பீரிஸ் என்ற பொறியியலாளர் 2006இல் கல்வீடுகளுக்கான சேத வளைகோடுகளை உருவாக்கினார். ஜப்பானியர்களான முராவோவும் நகசாத்தோவும் இலங்கைச் சேதத் தரவைக் கொண்டு 2010இல் இன்னொரு தொகுதியை வெளியிட்டனர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஜனக விஜேதுங்க, அலை எவ்வளவு உயர்ந்தது, நீர் எவ்வளவு தூரம் உட்புகுந்தது என்பதை நாட்டின் கரையோரமாக அளந்து 2006இல் பதிவு செய்தார். இன்று வேறு நாடுகளின் கரைகளுக்கு ஓட்டும் சுனாமிக் கணக்குகளுக்கும் இத்தகைய தரவுகளே துணை.

உயிரிழப்பைப் பற்றி அம்பாறையில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இன்னும் முக்கியமானது. இந்த மாவட்டத்தின் 13 முகாம்களில் தங்கியிருந்த 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேரைப் பற்றி விசாரித்து 2006இல் அது வெளியானது. அந்தக் குடும்பங்களில் நூற்றுக்கு 12.9 பேர் இறந்திருந்தனர். ஆண்களில் 8.2 வீதம், பெண்களில் 17.5 வீதம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் 31.8 வீதம். 20 முதல் 29 வயதானோரில் 7.4 வீதம். அலை வந்தபோது வீட்டுக்குள் இருந்தோரில் 13.8 வீதம்; வெளியே இருந்தோரில் 5.9 வீதம். மீன்பிடிக் குடும்பங்களில் இறப்பு மற்றக் குடும்பங்களைவிட அதிகம்.

இந்த எண்களை மெல்ல வாசிக்கவேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை; பாடசாலை இல்லை. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், தாய்மாரும் வீட்டில் இருந்தார்கள். ஆணும் பெண்ணும் குழந்தையும் ஒன்றே என்று எண்ணி, தலைக்கணக்கை மட்டும் பெருக்கும் மென்பொருளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. மொத்த எண் சரியாக வந்தாலும், யாரை முதலில் மேட்டுக்கு ஏற்றவேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்காது.

இந்தக் கரையில் எங்கே பிழைக்கும்

முதலாவது, நிலமட்டம். உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கும் உயர வரைபடங்களில் ஒன்று 2000 பெப்ரவரியில் விண்ணோடம் ஒன்றிலிருந்து ராடார் மூலம் எடுக்கப்பட்டது. அது தரையை மட்டும் காணவில்லை. தென்னை மரங்களையும் கூரைகளையும் சேர்த்தே கண்டது. ஆகவே தாழ்ந்த கரைகளை உண்மையைவிட உயரமாகக் காட்டும். தென்னையும் வீடும் செறிந்த கல்முனைக் கரைக்கு இது பெரிய குறை. மேலே பார்த்த 1 மீற்றர் பிழை இப்படித்தான் நுழையும்.

இரண்டாவது, மாறிய கரை. ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பின் அதன் வடக்கே கடலரிப்புக் கடுமையானது. நிந்தவூர், மாளிகைக்காடு, சாய்ந்தமருதுப் பக்கங்களிலும் கரை தேய்ந்தது. தென்னைகளும் மீன்வாடிகளும் கடலுக்குள் போயின. 2004இன் கரையை வைத்து ஓட்டும் கணக்கு, இன்று கடலுக்கு மிக அருகில் வந்துவிட்ட வீட்டை இன்னும் பாதுகாப்பான தூரத்தில் வைத்திருக்கும்.

மூன்றாவது, நேரம். ஹசஸ் மென்பொருள் மக்களை மூன்று நேரங்களில் வைத்து எண்ணுகிறது: அதிகாலை 2 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 5 மணி. அது அமெரிக்கர் ஒருவரின் உறக்கம், வேலை, வீடு திரும்பும் பயணம். எமது ஊர்களின் நாள் வேறு. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆவுக்கு ஊரின் ஆண்கள் பெரும்பாலும் பள்ளிவாசல்களில் இருப்பார்கள். பெண்களும் குழந்தைகளும் வீடுகளில். ரமழான் இரவுகளில் தராவீஹ் முடிந்தும் வீதிகள் உறங்குவதில்லை. சந்தை நாளில் கூட்டம் வேறு இடத்தில். கரைவலை இழுக்கும் காலையில் கரையில் நிற்போர் தொகையும் வேறு. இந்த நேரங்களை ஊரவர்தான் சொல்லித்தர முடியும்.

நான்காவது, வீட்டுக்குள் இருக்கும் தொழில். செய்மதிப் படத்தில் மருதமுனையின் ஒரு வீடு வெறும் கூரைதான். அதனுள்ளே தறி இருப்பதும், அந்தத் தறியில் இரண்டு குடும்பங்கள் வாழ்வதும் மேலிருந்து தெரியாது. நீர் புகுந்தால் பாவும் நூலும் சாயமும் போகும்; கணக்கில் அது "குடியிருப்பு, பகுதிச் சேதம்" என்று முடியும். கிணறும் இப்படியே. 2004க்குப் பின் கிழக்கின் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறி, திரும்பத் திரும்ப இறைத்தும் உடனே தெளியவில்லை. கட்டடத்தை மட்டும் எண்ணும் மென்பொருளில் கிணற்றுக்கு இடமில்லை.

ஐந்தாவது, எல்லை. பெரும்பாலான தரவுகள் பிரதேச செயலகப் பிரிவு, கிராம சேவகர் பிரிவு என்ற அளவில் திரட்டப்படுகின்றன. கல்முனையில் தமிழர் பிரிவு எது, முஸ்லிம் பிரிவு எது என்பது நீண்டகாலப் பிணக்கு. பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் புகுந்தது ஒரே கடல்தான். ஆனால் பிணக்கு இருக்கும் இடத்தில் ஒரு வீடு இரண்டு பட்டியலிலும் வரலாம், அல்லது இரண்டிலும் வராமற் போகலாம். இரண்டுமே இரு சமூகங்களுக்கும் கேடு.

போர் இதற்குள் இன்னொரு இடைவெளியை விட்டுச் சென்றிருக்கிறது. 2001 தொகைமதிப்பு அம்பாறையில் முழுமையாக நடந்தாலும், பக்கத்து மட்டக்களப்பில் முழுமையாக நடக்கவில்லை. இடம்பெயர்ந்தவர்கள், உறவினர் வளவில் கொட்டில் போட்டவர்கள், உறுதி தொலைந்தவர்கள் ஆகியோர் எந்தப் பட்டியலிலும் எளிதில் விடுபடுவார்கள். நாடு முழுவதும் தடையின்றி நடந்த கணக்கெடுப்புக்கு 2012 வரை காத்திருக்க நேர்ந்தது. 2024இல் அடுத்த கணக்கெடுப்பு நடந்தது. பட்டியலில் பெயர் இல்லாமற் போவதன் விலை என்ன என்று போர் கண்ட மக்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

எச்சரிக்கையும் ஒரு மாதிரிதான்

2004இல் இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை முறை இருக்கவில்லை. இன்று இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இப்பகுதி நாடுகளுக்குத் தகவல் தருகின்றன. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்திய நிலையம், வரக்கூடிய நிலநடுக்கங்கள் பலவற்றுக்கான அலைக் கணக்கை முன்கூட்டியே ஓட்டிச் சேமித்து வைத்திருக்கிறது. நிலநடுக்கம் வந்ததும் அதற்கு ஒத்ததைத் தேடி எடுக்கிறது. இலங்கையில் எச்சரிக்கையை வளிமண்டலவியல் திணைக்களம் விடுக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்கிறது.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது கிழக்குக் கரை மக்கள் ஊரைவிட்டு மேற்கே நகர்ந்தார்கள். அழிவு அலை வரவில்லை. நிலத்தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நழுவியதால் கடலடித் தளம் பெரிதாக உயரவில்லை. "சும்மா ஓடவைத்தார்கள்" என்ற பேச்சு அப்போது எழுவது இயல்பு. ஆனால் அந்த நழுவல் எவ்வகை என்று உறுதியாகும் வரை காத்திருந்தால், கையிலிருக்கும் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

ஊர் என்ன செய்யலாம்

கல்முனைக்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றரில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. உலக வங்கியின் "திறந்த நகரங்கள்" திட்டத்தின் கீழ் மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரதேசத்தில் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சில மாதங்களில் "ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்" என்ற திறந்த வரைபடத்தில் சேர்க்கப்பட்டன. மாடி எத்தனை, சுவர் எதனால், கூரை எதனால், பயன்பாடு என்ன என்ற விபரங்களும் இணைக்கப்பட்டன. இழப்பு மாதிரியின் இரண்டாம் படிக்கு வேண்டியது இந்தப் பட்டியல்தான். பெரிய கருவிகள் தேவைப்படவில்லை. தெருத்தெருவாக நடக்கும் இளைஞர்களும் கைபேசியும் தாளும் போதுமாயின.

அம்பாறைக் கரைக்கும் இது எட்டாததல்ல. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் குடும்பப் பதிவேடுகள் இருக்கின்றன. கோயில், தேவாலய நிர்வாகங்களிடமும், மீனவர் சங்கங்களிடமும், மாதர் சங்கங்களிடமும் தகவல் இருக்கிறது. தனிப்பட்ட விபரங்களை வெளியிடாமல், கட்டட விபரங்களை மட்டும் வரைபடத்தில் சேர்க்கலாம். எங்கே தறி, எங்கே வாடி, எங்கே மாடியுள்ள உறுதியான கட்டடம், எந்தக் குறுக்கு வீதி மேற்கே வயல்வரை தடையின்றிப் போகிறது என்பன குறிக்கப்படவேண்டும். நடக்க முடியாதோர் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்பது கிராம சேவகர் மட்டத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

அதைவிட எளிய ஒன்று, கேட்பது. மாவட்டத்துக்கென்று ஓர் அனர்த்த மதிப்பீடு வெளிவரும்போது மாநகர சபையும் பிரதேச சபைகளும் மக்கள் அமைப்புகளும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். நிலமட்டம் எந்த ஆண்டு, எந்த அளவையிலிருந்து எடுக்கப்பட்டது? வீட்டுப் பட்டியல் எங்கிருந்து வந்தது, அதில் உறுதியில்லாத வீடுகள் சேர்ந்தனவா? எமது வீட்டு வகைக்கான சேத வளைகோடு எந்த நாட்டின் தரவில் பிறந்தது? எண்ணுக்கு இருபுறமும் எவ்வளவு பிழை வரக்கூடும்? இந்த நான்குக்கும் விடை சொல்ல முடியாத எண்ணை வைத்துக் கரையோர எல்லை போடவோ, நட்டஈட்டைக் குறைக்கவோ யாருக்கும் நியாயம் இல்லை.

நிலநடுக்கமே வராத நாடு என்று நாம் எண்ணிக்கொள்வதும் சரியல்ல. 2023 பெப்ரவரியில் அயல் மாவட்டமான மொனராகலையின் புத்தளைப் பகுதியில் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. அவற்றால் அழிவு இல்லை. எமக்குப் பெரிய ஆபத்து இன்னும் கடல் வழியாகவே வரும்.

மென்பொருள் ஒரு தராசு. அதில் எதை வைக்கிறோமோ அதைத்தான் நிறுத்துச் சொல்லும். 2004இல் எமது கரையில் இழந்தவை பின்னர்தான் எண்ணப்பட்டன. பல எண்ணப்படவே இல்லை. அடுத்த அலை வரும் நாள் யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு முன்னரே, கடலோரத்தின் கடைசி வீடுவரை பட்டியலில் ஏற்றிவைப்பது இந்த ஊர்களின் கையில் இருக்கிறது.